கறுப்பு மிஷினும் என் மூன்று நாள் உண்ணாவிரதமும்

அந்நிய நாட்டு மிஷின் எதுவும் என் வீட்டுக்குள் நுழையாது என்று சபதம் செய்தேன். பொதுக்கூட்டத்தில் செய்திருந்தால் பாதகமில்லை. அங்கே செய்யும் சபதத்தை மறுநாள் காலையில் யாரும் ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்பதில்லை. என்னோடு சிறைக்கு வந்தவர்கள் இன்றைக்குக் காரில் போகிறார்களே, அவர்கள் செய்யாத சபதமா? நான் சமையற்கட்டில் செய்தேன். என் மனைவி பவுலினா கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஓசூரில் சிங்கராயரைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர்கள் வெட்கப்பட வேண்டும். எல்லைப் போராட்டத்தில் இரண்டு மாதம் உள்ளே இருந்தேன். விலைவாசிப் போராட்டத்தில் பதினேழு நாள். பஸ் கட்டண எதிர்ப்பில் ஒரு பல்லைக் கொடுத்தேன். இவ்வளவையும் கொடுத்தவனுக்கு நாடு என்ன கொடுத்தது? ஒன்றுமில்லை. சோறு கொடுப்பது பவுலினா தைக்கிற தோல் பை. அவள் அப்பா சேணம் தைத்தவர். அவரிடம் கற்றுக்கொண்ட கை.

அந்தக் கைக்குத்தான் ஆர்டர் வந்தது. தளி வழியில் பஸ் விடும் கிருஷ்ணப்பன், தனக்கும் தன் மச்சான்களுக்குமாக இருபத்தைந்து கண்டக்டர் பை கேட்டார். மாதக் கடைசிக்குள் வேண்டும். தவறினால் ஆர்டர் பெங்களூருக்குப் போய்விடும். என் பல்லைப் பறித்த வர்க்கத்துக்கு என் மனைவி பை தைக்கிறாள்! நான் கொதித்தேன். அவள் தோலை ஊறவைத்தாள்.

குத்தூசியால் கையில் தைத்தால் ஒரு பைக்கு இரண்டு நாள். ஆகவே மிஷின் வேண்டும். கையில் இருந்தது சீட்டு எடுத்த முந்நூறு ரூபாய். மிஷினைத் தேர்ந்தெடுப்பது நான் என்று அறிவித்துவிட்டு, கடைத்தெருவில் திம்மப்பன் கடைக்கு அவளை அழைத்துப் போனேன்.

"வாங்க தலைவரே! இது நோடுங்க. நம்ம நாட்டு மிஷின். புத்தம் புதுசு. இருநூத்தித் தொண்ணூறு" என்றார் கன்னடம் கலந்து பேசும் திம்மப்பன். மிஷின் முழுக்கத் தங்கப்பூ. உள்நாட்டுத் தயாரிப்பு. பட்ஜெட்டுக்குள் அடக்கம்.

"இதையே எடு" என்றேன்.

பவுலினா மிஷின் முன் உட்கார்ந்தாள். மடியிலிருந்து ஒரு தோல் துண்டை எடுத்தாள். மூன்றாக மடித்தாள். ஊசிக்கடியில் வைத்து மிதித்தாள். டப். ஊசி இரண்டாயிற்று.

"அம்மா, இது ரவிக்கை தெக்கிற மிஷின்."

"கண்டக்டருங்க ரவிக்கையிலயாங்க சில்லறை போடறாங்க?"

திம்மப்பன் சிரித்துவிட்டு மூலையில் இருந்த சாக்கை விலக்கினார். உள்ளே ஒரு கறுப்பு மிஷின். பூவும் இல்லை, பொட்டும் இல்லை. நீண்ட கை. ஆணி மாதிரி ஊசி. பவுலினா அதே தோலை நான்காக மடித்து வைத்தாள். தடக், தடக். தோலை அழுத்திப் பிடிக்கும் மேல்கால் தூக்கித் தூக்கி வைத்து நடந்தது. மேல் தோலும் அடித் தோலும் விலகாமல் சேர்ந்தே போயின. அவள் முகத்தைப் பார்த்தேன். எங்கள் கல்யாணத்தன்று கூட அந்த முகம் அப்படி இல்லை.

"எந்த நாட்டில் செய்தது?" என்றேன்.

"சீமை மிஷினு ஸ்வாமி. கண்டோன்மென்ட்ல குதிரைச் சேணம் தெச்சது."

"யார் குதிரை?"

"வெள்ளைக்காரங்க குதிரை."

"அந்தக் குதிரைதான் எங்கள் ஊர்வலத்தை மிதித்தது!"

"குதிரை மிதிச்சதுக்கு மிஷின் என்னாங்க பண்ணும்?" என்றாள் பவுலினா. "எவ்ளோங்க வெலை?"

"நானூத்தி எழுபத்தஞ்சு. பேரம் பேடா."

"விலைப்பலகை எங்கே?" என்று கர்ஜித்தேன். "ஆளைப் பார்த்து விலை சொல்கிறாயா?"

திம்மப்பன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஸ்வாமி, நீங்க வெளிய பெஞ்சில குந்துங்க. தெக்கிறது அம்மா. அம்மா பேசட்டும்."

பெஞ்சில் குந்தவா? நானா? கலெக்டர் நாற்காலி போட்டபோதே நின்றுகொண்டு பேசியவன் நான்!

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தேன். "அவன் கடை முன் உண்ணாவிரதம்!"

"வேணாங்க" என்றாள் பவுலினா. "உங்களால முடியாது."

"ஏன் முடியாது?"

"போன தவக்காலத்துல ஒருசந்தி இருக்கறன்னீங்க. பத்து மணிக்கே பொரி கேட்டீங்க."

"அது உன் சாமிக்கு. இது கொள்கைக்கு!"

"வேலூர் ஜெயில்ல இருந்த ஒடம்பு வேற. இப்ப ஒரு நாளு தாங்கும். மூணு நாளெல்லாம் தாங்காது."

"மூன்று நாள்!" என்றேன்.

"சரி, சந்தை முடிஞ்ச பின்னாடி இருங்க. சந்தை நாளுல அவர் கடைக்கு ஜனம் வரும். வியாபாரம் கெட்டுடும், பாவம்."

"மூன்றாம் நாள் சந்தை நாளாக விழும்படி உட்காருகிறேன்!"

துண்டறிக்கை எழுத உட்கார்ந்தேன். ஒன்று, விலைப்பலகை வை. இரண்டு, மன்னிப்புக் கேள். பவுலினா தோள் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"நல்ல வேளை. அந்தக் கறுப்பு மிஷின கடையில இருந்து எடுன்னு எழுதாம விட்டீங்களே. அதும் ஒரே நாளுல எடுன்னா அவர் எங்கங்க கொண்டுபோவாரு?"

மூன்று, அந்நிய மிஷினை ஒரே நாளில் அகற்று. கொட்டை எழுத்தில் எழுதினேன்.

உட்கார்ந்தேன். உண்ணாவிரதம் இருப்பவன் எதிரிக்கு முதுகையும் மக்களுக்கு முகத்தையும் காட்ட வேண்டும், அதுதான் முறை. முதல் நாள் மக்கள் வந்தார்கள். இரண்டாம் நாள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பவுலினா மட்டும் வேளைக்கு ஒருதரம் வந்து, என் நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் திம்மப்பனிடம் ஏதோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசினாள். என் உயிருக்காக மன்றாடுகிறாள் என்று நினைத்தேன். நெகிழ்ந்துகூடப் போனேன்.

மூன்றாம் நாள் சந்தை. ஜூஜுவாடியிலிருந்தும் தளியிலிருந்தும் வந்த கூட்டம் கடை முன் என்னைப் பார்த்து நின்றதே தவிர, ஒருவனும் படியேறவில்லை. நண்பகலில் திம்மப்பன் தோற்றார். விலைப்பலகை மாட்டினார். கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். "கறுப்பு மிஷின் பின்வாசலா ஹோயித்து ஸ்வாமி, இனி நம்ம அங்கடியில இல்ல" என்றார். எதிரியின் கையாலேயே எலுமிச்சைச் சாறு குடித்தேன். பத்தாண்டில் நான் பெற்ற முதல் முழு வெற்றி!

தலைநிமிர்ந்து வீட்டுக்கு நடந்தேன். வாசலில் நின்றேன். உள்ளே தடக், தடக்.

"பவுலினா! இது என்ன?"

"மிஷினுங்க." அவள் நிமிரவில்லை. எதையோ வட்டமாகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"என் கொள்கை?"

"உங்க கொள்கைப்படிதாங்க அங்க இருந்து எடுத்தாச்சி. இன்னிக்கே எடுக்கணும், கடையில ஒரு ஈ காக்கா இல்ல. யாருங்க வாங்குவா? நான் இருநூத்தி எழுபதுன்னன். அழுவாத குறையா குடுத்தாரு. வண்டிக்கூலியும் அவருதுதான்."

"அப்படியென்றால் நான் பட்டினி கிடந்தது?"

"இருநூத்தி அஞ்சு ரூவா கொறைச்சிது. பெங்களூர் புரோக்கர் கூட இவ்ளோ கொறைக்க மாட்டான்."

"என்னைப் புரோக்கர் என்கிறாயா?"

"சேச்சே. புரோக்கர் கமிஷன் கேப்பாங்க."

என் உடம்பு ஆடியது. பசியாலும்தான். "இந்தத் துரோகத்தை எதிர்த்து இந்த வீட்டுக்குள்ளேயே உண்ணாவிரதம் இருப்பேன்!"

"வீட்டுக்குள்ள இருந்தா யாருக்குத் தெரியும்?" என்றாள் பவுலினா. "அங்க முனிசாமி தோல் மண்டியில நேத்து தோலுக்கு வெலை ஏத்திட்டான். இருபத்தஞ்சி பைக்கும் அவன்கிட்டதான் வாங்கணும். செருப்பு தெக்கிறவங்கல்லாம் வாயத் தொறக்காம வாங்கிட்டுப் போறாங்க. கேக்கறதுக்கு இந்த ஊர்ல ஆம்பளையே இல்ல."

தொழிலாளியின் வயிற்றில் அடிப்பதா? நான் உயிரோடு இருக்கும்போதா? "காகிதத்தை எடு!" என்றேன். "நாளைக் காலை ஒன்பது மணிக்கு மண்டி வாசலில் சிங்கராயர் இருப்பார்!"

"அங்க தரை கருங்கல்லுங்க" என்றாள்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்து, நான் உள்ளே நுழையும்போதே பாதி தைத்து முடித்திருந்ததை என் கையில் கொடுத்தாள். பஞ்சு அடைத்து, நான்கு மடிப்பு விளிம்பு வைத்து, ஓர் ஆள் வசதியாக மூன்று நாள் உட்காரும் அளவுக்கு, ஒரு தோல் திண்டு.