சம்பந்திக்கு ஒரு சளி ரிப்போர்ட்

மந்தைவெளி,
புதன்கிழமை.

நங்கநல்லூர் சம்பந்தி புகழேந்தி அவர்களுக்கு, மந்தைவெளி முருகையன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் வீட்டுக்காரி செண்பகமும் நலம். வழக்கத்துக்காக எழுதுகிற நலம் இல்லை இது, ரிப்போர்ட்டோடு எழுதுகிற நலம். ஜெராக்ஸ் இணைத்திருக்கிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், நான் இருமினால் நீங்கள் போனையே காதிலிருந்து தள்ளிப் பிடிக்கிறீர்களாம், மாப்பிள்ளை சொன்னார். அதனால்தான் கடிதம்.

சம்பந்தி, நெகட்டிவ். என் நெஞ்சில் டிபி கிருமி கிடையாது. தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மகள் தமிழ்நிலாவை, பச்சைக் குழந்தைக்கு என் இருமல் ஆகாதென்று ஆஸ்பத்திரியிலிருந்தே உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனீர்கள். பேத்தியைப் பார்க்க வந்த என்னை வராந்தாவில் உட்காரவைத்து, நாற்காலியையும் மூன்றடி தள்ளிப் போட்டீர்கள். ரிப்போர்ட் வரட்டும் என்றீர்கள். வந்துவிட்டது. பேத்தி பிறந்து இருபத்தாறு நாளாகிறது, இன்னும் என் கை அவள் மேல் படவில்லை.

சோதனையும் லேசுப்பட்டது இல்லை. துளி சளியில் கிருமியின் மரபணுவையே தேடிப் பிடிக்கிற மெஷினாம், ரெண்டு மணி நேரத்தில் பதில். லேபில் ஜுவேரியா என்ற பெண் ஒரு டப்பாவைக் கொடுத்து, "ஐயா, எச்சில் வேணாம். நெஞ்சுலேர்ந்து நல்லா காறி எடுங்க. அந்தாண்ட மரத்தடிக்குப் போங்க" என்றாள். மரத்தடியில் பத்துப் பேர். முப்பத்தொரு வருஷம் கண்டக்டராக இருந்து, பஸ் ஜன்னல் வழியாகத் துப்பாதே என்று ஊரையே அதட்டினவன் நான், நாலு பேர் முன்னால காற முடியுமா சொல்லுங்க. வீட்டிலேயே பல் தேய்ச்சு, உப்புத் தண்ணியில கொப்பளிச்சு, ஏலக்காய் வேற மென்னுட்டுத்தான் போயிருந்தேன். கர்சீப்பால வாயை மறைச்சுக்கினு, சத்தமே இல்லாம, மரியாதையா டப்பாவைக் கழுத்து வரைக்கும் ரொப்பிட்டேன். பக்கத்துல ஒருத்தர் காறிக் காறி அரை ஸ்பூனுக்கே தவிச்சாரு, பாக்கவே பாவமா இருந்துச்சு. கூட வந்த செண்பகம் எட்டிப் பாத்துட்டு, "இன்னாய்யா இது, குடிக்கிற தண்ணி மாதிரி கீது" என்றாள். சுத்தமான ஆளுக்குச் சுத்தமாத்தான் வரும்னு அவ வாயை அடைச்சேன். இப்ப மெஷினே ஒத்துக்கிச்சு.

ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டோவோடு வருகிறேன். தாயையும் குழந்தையையும் அனுப்பத் தயாராக வையுங்கள். தூளியை மூணு தடவை அவுத்துக் கட்டிட்டேன், நிலை கொள்ளல. சம்பந்தியம்மாவுக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசிகள். பேத்திக்கு முத்தத்தை எழுத்தில் அனுப்பவில்லை, நேரில் தருகிறேன்.

இப்படிக்கு,
கிருமி இல்லாத
முருகையன்

பி.கு.: கவரை ஒட்டும்போது ஜுவேரியா போன். அன்றைக்கே எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறதே என்று டாக்டருக்குச் சந்தேகமாம். "ஐயா, மெஷின் பொய் சொல்லல. நீங்க குடுத்த எச்சில்ல கிருமி இல்லன்னுதான் சொல்லிச்சு. நாளைக்குக் காலைல வந்து சளி குடுங்க" என்றாள். போறேன் சம்பந்தி, ஒரு பஸ் நிறைய ஆளுங்க நின்னு பாத்தாலும் காறுவேன். ஜெராக்ஸைக் கிழிச்சிடுங்க. கடிதம் மூலமா வியாதி ஒட்டாதாம், கேட்டுட்டேன், பயப்படாதீங்க. வெள்ளிக்கிழமை வராந்தாவுக்கும் வரல, எதிர்ப்புறம் தெருவுலயே நிக்கறேன். மாடி ஜன்னல்ல குழந்தையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க, போதும். நாற்காலி விஷயத்துல உங்க மேல கோவம் இல்ல. இன்னும் தள்ளிப் போட்டிருக்கலாம்.