போர்ட் பிளேர், ரெண்டே கால் மணி நேரம்

கல்யாணமான புதிதில் யார் எதைக் கேட்டாலும் எனக்கு ஒரே பதில்தான்: "சென்னையிலருந்து போர்ட் பிளேர் ரெண்டே கால் மணி நேரம்தாங்க." (சாப்பிட்டாச்சா என்று கேட்டாலும்.) என் மனைவி கல்பனா அங்கே நர்ஸ். நான் திருத்தணியில் உரக்கடை. நடுவில் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் தண்ணீர். பக்கத்துப் பள்ளிப்பட்டுக்குப் பஸ்ஸில் போய்வரும் நேரம்தானே என்று ஊருக்கெல்லாம் சொல்லி, என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் போன் செய்வாள். "இங்க இருட்டிடுச்சிங்க" என்பாள். என் கடை வாசலில் அப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். கடிகாரம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனாலும் அவள் மட்டும் இருட்டில் தனியாக இருக்கிறாளே என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

நாலு மாதம் கழித்து அவளுக்கு ஒரு வாரம் லீவு கிடைத்தது. ஆடிக் கிருத்திகை அன்றைக்கே டிக்கெட் போட்டது இந்த மேதாவிதான். திருவிழாவையும் பார்த்த மாதிரி இருக்குமே! மத்தியானம் விமான நிலைய வாசலில் மல்லிகைப்பூவோடு நிற்பதாக வாக்கு வேறு கொடுத்திருந்தேன்.

காலையிலேயே பூவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ரயிலடிக்குக் கிளம்பினேன். தெரு முழுக்கக் காவடி. அவர்கள் மலைக்கு, நான் எதிர்த்திசைக்கு. அப்போதுதான் அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் ஒருவர் தன் புஷ்பக் காவடியை என் தோளில் வைத்தார்.

"பாவா, வேட்டி அவுந்துகினு வருது. ஒரு நிமிசம் புடிங்க."

எங்கள் பக்கத்தில் அக்கா புருஷன்தான் பாவா; உறவு சொல்லிக் கேட்டால் மறுக்க முடியுமா? பிடித்தேன். பின்னாலிருந்து மேளம் வந்தது, அரோகரா வந்தது, கூட்டம் ஒரு தள்ளு தள்ளியது. திரும்பிப் பார்த்தால் வேட்டிக்காரரைக் காணோம். காவடியைக் கீழே வைக்கக் கூடாது. யாரிடமாவது கொடுக்கலாம் என்றால் எல்லார் தோளிலும் ஒன்று இருக்கிறது. "சாமி, செருப்ப கழட்டுங்க" என்று யாரோ அதட்டியதில் செருப்பும் போயிற்று.

தள்ளித் தள்ளி வெயில் உச்சிக்கு வந்தபோது நான் பாதிப் படியில் இருந்தேன். பையில் போன் அடித்தது. இரண்டு கையும் காவடியில். அது விடாமல் அடிக்க அடிக்க எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் வந்த அம்மா பக்தி என்று நினைத்து என் நெற்றி நிறைய விபூதி பூசிவிட்டார்.

மலை மேல் வேட்டிக்காரர் எனக்கு முன்பே வந்து நின்றார். "நல்லா ஏறிட்டீங்க பாவா!" என்று காவடியை வாங்கிக்கொண்டார். நான் போனை எடுத்தேன்.

"எங்க இருக்கீங்க?" என்றாள் கல்பனா.

"மலை மேல."



"நான் கடலையே தாண்டி வந்துட்டேன். நீங்க தெருவத் தாண்டலியா?"

சாயங்காலம் தனியாக ரயிலில் வந்து இறங்கினாள். நான் வெறுங்காலோடு நின்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள், நாலடி போய்த் திரும்பி வந்து, நசுங்கிய பூவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

இன்னும் அவளுக்கு மாற்றல் வரவில்லை. விமானம் ஏறும்போதெல்லாம், "கையில காவடி ஒண்ணும் இல்லியே?" என்று போன் செய்கிறாள். அவள் தம்பி என்னைப் பார்த்தாலே வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "பாவா, ஒரு நிமிசம்" என்கிறான்.

அவளை வழியனுப்பப் போகும்போது மட்டும் நான் ஒரு நாளும் தாமதமானதில்லை. அன்றைக்குத் தெருவில் கூட்டமே இருக்காது. யாராவது ஓடி வந்து அவள் தோளில் ஒரு காவடியை வைத்துவிட மாட்டார்களா என்று ரயிலடி வரைக்கும் பார்த்துக்கொண்டே போவேன்.