துடிப்பானந்தரும் எலுமிச்சம்பழமும்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டுக்குப் பின்னால் திடீரென்று ஒரு சாமியார் முளைத்தார், கண்ணுகளா. பெயர் துடிப்பானந்தர். கேரளாவுக்குப் போகிற லாரிகள்கூட நின்று கும்பிட்டுவிட்டுப் போயின. பரம்பரைச் சாபத்தைக் கண்டுபிடிப்பது அவர் தொழில். ஆளை மல்லாக்கப் படுக்கவைப்பார். நெஞ்சின் மேல் ஓர் எலுமிச்சம்பழம் வைப்பார். பழம் ஆடினால் உள்ளே சாபம் இருக்கிறது. வந்த அத்தனை பேர் நெஞ்சிலும் ஆடியது. எப்பேர்ப்பட்ட சக்தி! காணிக்கை மூட்டை மூட்டையாகக் குவிந்தது. காலையில் சாமிக்குப் படைத்த முருங்கைக்காய் மாலையில் மார்க்கெட்டில் ஏலத்துக்கு வந்தது. சாமிக்குச் சாம்பார் பிடிக்காது போலிருக்கிறது.

கருப்பம்மாள் தன் மகன் அழகுராஜாவை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் மாமனார் ஏர் ஓட்டும்போதே சாய்ந்து உயிர்விட்டவர். புருஷனும் மூட்டை தூக்கும்போது அப்படியே போனவர். இப்போது மகன் படியேறினாலே மயங்குகிறான். மூத்தவள் சுகன்யாவும் முறைத்துக்கொண்டே கூட வந்தாள்.

பழம் ஆடியது.

"மூணு தலைமுறைச் சாபம்!" என்றார் சாமி. "மாத்திரையைத் தூக்கி எறி. தலையில தண்ணிக்குடத்தோட இந்தக் கரட்டு மலையை நிக்காம ஓடிச் சுத்து. சாபம் வேர்வையோட எறங்கிரும்!"

"ஏனுங்க சாமி," என்றாள் சுகன்யா. "தம்பிக்கு இதயத் தசை தடிச்சுப் போச்சு, ஓடவே கூடாதுன்னு மதுரை டாக்டரு சொல்லியிருக்காருங்க. ரத்தம் எடுத்து மரபணுவும் பாத்துட்டாங்க. எங்கப்பா வழியில வந்த பழுதாம். இப்படிப் பழுது இருக்கறவங்க பிள்ளைங்க ஒவ்வொண்ணுக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பாம், ஆணானாலும் பொண்ணானாலும். நானும் சோதிச்சுப் பாக்கோணுமுங்க."

"பொம்பளைக்குச் சாபம் ஒட்டாது. நீ சும்மா இரு!"

"ஓடுனா இவன் செத்துப்போவானுங்க!"

"சாமியை எதுத்துப் பேசாத புள்ள," என்று அதட்டிய கருப்பம்மாள், தண்ணிக்குடத்தைத் தூக்கி மகன் தலையில் வைத்தாள். கூட்டம் பக்தியோடு வழிவிட்டது.

சுகன்யா குடத்தைப் பிடுங்கினாள். "சரிங்க. சாபமே இல்லாத நெஞ்சு எப்படி இருக்கும்னு எங்கம்மா ஒருக்கா பாக்கட்டும். நீங்க படுங்க சாமி. பழம் ஆடலைன்னா தம்பி ஓடட்டும்."

கூட்டத்துக்கு இது பிடித்துப்போயிற்று. "படுங்க சாமி, படுங்க!" சாமி நெளிந்தார். மூட்டை தூக்குகிற நாலு பேர் அவரை அன்போடு படுக்கவைத்தார்கள்.

பழம் ஆடியது. சாமி மூச்சைப் பிடித்தார். முகம் தக்காளியாயிற்று. அப்போதும் ஆடியது. பயத்தில் இதயம் அடித்த அடியில் உருண்டு கீழேயே விழுந்தது.

"அட, சாமிக்கும் சாபமுங்கோ!" என்றது கூட்டம்.

"உசுரு இருந்தா நெஞ்சு துடிக்கத்தானுங்க செய்யும்," என்றாள் சுகன்யா. "ஆடாம இருந்தாத்தான் பாடை கட்டோணும்."

"சாமி, குடம் இந்தாங்க. கரடு அந்தப் பக்கம்," என்றார் ஒருவர் மரியாதையாக.

துடிப்பானந்தர் குடம் இல்லாமலே ஓடினார். காவி வேட்டி முள்வேலியில் நின்றுகொண்டது. பட்டாபட்டி டிரவுசர் மட்டும் பழனி ரோட்டில் பறந்தது.

கருப்பம்மாள் மகனைக் கட்டிக்கொண்டு விசும்பினாள். "எம்புள்ளையை நானே கொன்னிருப்பேனே!" பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். "மதுரைக்கு பஸ் எத்தனை மணிக்குடி? உன் நெஞ்சையும் பாக்கோணும்."

கும்பிடுங்கள் கண்ணுகளா, வேண்டாம் என்று சொல்லவில்லை. கும்பிட மேலே போகிற கை தலையைத் தாண்டித்தானே போகிறது? போகிற வழியில் அதை ஒரு தட்டுத் தட்டி, உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.