பெரியம்மா வந்த அன்று மாற்றிய கியர் எண்ணெய்

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு விஞ்ஞான ஆசிரியன். உராய்வு, அதனால் உண்டாகும் வெப்பம், அதைக் குறைக்க இடும் எண்ணெய் எல்லாவற்றையும் தரம் பத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பவன். இப்போதெல்லாம் அந்தப் பாடத்தைக் கரும்பலகையைப் பார்த்தபடியே நடத்தி முடித்துவிடுகிறேன். வகுப்புப் பக்கம் திரும்பினால், பின்வரிசை வாங்கில் இருந்து யாராவது, "சேர், கறுப்பு எண்ணெயோ சிவப்பு எண்ணெயோ?" என்று கேட்பான்.

கேட்பதில் நியாயம் இருக்கிறது.

என் அம்மாவுக்கு ஒரேயொரு அக்கா. எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது, சண்டைக்குள் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனவர். திருச்சிப் பக்கத்தில் ஓர் அகதி முகாமில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தார். பெரியப்பா அங்கேயே காலமானார். அதற்குப் பிறகு ஒருநாள் பெரியம்மா தொலைபேசியில் அம்மாவிடம், "மணி, நான் வாறன்" என்று சொன்னார். கப்பலில், காங்கேசன்துறைக்கு, வரும் சனிக்கிழமை மத்தியானம்.

அத்தனை வருடத்தில் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தது கைத்தொலைபேசியில்தான். (அம்மா பேசினால் அவருடைய நெற்றியும் எங்கள் வீட்டு மின்விசிறியும் தெரியும். பெரியம்மா பேசினால் ஒரு காது தெரியும்.) ஆகவே அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் சாதாரணச் சனிக்கிழமை இல்லை. அம்மா விடிய ஐந்து மணிக்கே சேலை உடுத்துவிட்டார்.

என்னிடம் ஒரு கார் இருந்தது. இருபத்தைந்து வயதான, தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஜப்பான் கார். கொஞ்ச நாளாக ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும் விக்கல் எடுத்ததுபோல் ஒரு குலுக்குக் குலுக்கியது. எங்கள் சுன்னாகத்தில் கார் திருத்தும் கராச் வைத்திருக்கும் தவம் அண்ணையிடம் காட்டினேன். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"கியர்ப்பெட்டி எண்ணெய் பழசாப் போச்சு. வாற கிழமை கொண்டு வா, மாத்துவம். அதுவரைக்கும் இப்பிடியே ஓடு. ஒண்டும் செய்யாது."

"நானே மாத்தலாமோ அண்ணை?"

"மாத்தலாம். எது எந்த நட் எண்டு தெரிஞ்சால்."

அதில் முதல் சொல் மட்டுமே என் காதில் விழுந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலையை ஆரம்பித்தேன். முந்தின நாள் நான்கு வீடியோ பார்த்திருந்தேன். நான்கிலும் சிரித்த முகத்தோடு ஒரு வெள்ளைக்காரர் காருக்குக் கீழே போய், சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். நானும் முன் சில்லுகளைச் சீமெந்துக் கல் அடுக்கி உயர்த்திவிட்டுக் கீழே போனேன். அங்கே இரண்டு நட்டுகள் இருந்தன. வீடியோக்காரருக்கு ஒன்றுதான் இருந்தது. எனக்குக் கிட்ட இருந்ததைக் கழற்றினேன்.

கறுப்பாக ஊற்றியது.

கியர் எண்ணெய் சிவப்பு என்று எனக்குத் தெரியும். பழசானால் நிறம் மங்கும் என்றும் தெரியும். என் கார் மிகப் பழசு. ஆகவே அது கறுப்பு. (தர்க்கத்தில் நான் சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரன்.) வடிந்ததைப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருந்து கொண்டுவந்த அளவுசாடியால் அளந்தேன். மூன்றரை லீற்றர். வெளியே வந்த அளவை உள்ளே விட வேண்டும். நட்டை இறுக்கிவிட்டு, புனல் வைத்து, புதுச் சிவப்பு எண்ணெயைக் கியர்ப்பெட்டிக்குள் ஒரு துளியும் சிந்தாமல் மூன்றரை லீற்றர் விட்டேன். அளவுகோலை இழுத்துப் பார்த்தால் எண்ணெய் கோட்டுக்கு மேலே எங்கேயோ நின்றது. சூடாகும்போது சரிவரும் என்று துடைத்துச் செருகினேன்.

இஞ்சினை இயக்கியதும், எண்ணெய்க் குவளை வடிவில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. புது எண்ணெய் விட்டதைக் கார் கண்டுபிடித்துவிட்டது என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பதினொரு மணிக்குக் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, அம்மாவைப் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். முதல் இரண்டு மைல் கார் வெண்ணெயாக ஓடியது. மல்லாகம் தாண்டும்போது முன்பக்கத்தில் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம் கேட்டது.

"தம்பி, என்ன மணக்குது?"

"புது எண்ணெயம்மா. போகப்போகச் சரியாயிடும்."

சரியாகவில்லை. தெல்லிப்பழைக்குச் சற்று முன்னால், புகை மூடி எழும்ப, ஒரு பெரிய முனகலோடு கார் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தேன். அடியிலிருந்து சிவப்பாக ஒழுகி, வீதியோரம் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது.

இனி எழுதப்போவதுதான் உண்மையான குற்றம். கார் பழுதாவது யாருக்கும் நடக்கும். அம்மா அந்த நிமிடமே சரியான வழியைச் சொன்னார்.

"காரை விடு. ஒரு ஓட்டோவை மறி. நாங்கள் போவம்."

"பத்து நிமிசம், அம்மா."

ஓட்டோவில் போய் இறங்க எனக்கு மனம் வரவில்லை. ஐந்து வயதில் கால்சட்டை நழுவ நழுவ நின்ற பையன், ஆசிரியராகி, சொந்தக் காரில் வந்து பெரியம்மாவின் பெட்டியை வாங்கி வைப்பதை நான் ஒரு கிழமையாக மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று ஓட்டோ வந்தது. மூன்றையும் அனுப்பினேன். ஒருவர் நிறுத்தி, "அம்மாவையாவது ஏத்தட்டோ?" என்றுகூடக் கேட்டார். "வேண்டாம், இப்ப சரியாயிடும்" என்றேன்.

பன்னிரண்டு மணி ஆனது. ஒரு மணியும் ஆனது. பெரியம்மாவின் இந்தியத் தொலைபேசி இங்கே வேலை செய்யவில்லை. கடைசியாக அம்மா, என்னைப் பார்க்காமல், வீதியைப் பார்த்துச் சொன்னார்:

"அங்கையும் கடைசியிலை ஆருமில்லாமல்தான் நிண்டவள். இங்கையும் வந்து தனிய நிக்கிறாள்."

நான் மறுபடி காருக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டேன். அங்கே செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை. அம்மாவின் முகம் தெரியாத இடம் அது ஒன்றுதான்.

அப்படிக் கிடக்கும்போது, காங்கேசன்துறைப் பக்கமிருந்து வந்த ஒரு மினிபஸ் எதிரே கிறீச்சிட்டு நிற்கும் சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே ஒரு அலறல்.

"ஐயோ மணி! ஆரடி அது? ஆரடி கிடக்கிறது? ஐயோ, பிள்ளையோ!"

நான் அவசரமாக வெளியே ஊர்ந்து வந்தேன். அதுதான் பிழை. வெள்ளைச் சேட்டு நெஞ்சிலிருந்து இடுப்புவரை சிவப்பாக நனைந்திருந்தது. கையும் கழுத்தும் சிவப்பு. தலைமயிரில் இருந்தும் சொட்டியது. எதிரே, ஒரு கையில் பயணப்பையோடு, மெலிந்த வயதான பெண் ஒருவர், பஸ்ஸைச் சுற்றி வீதியைக் குறுக்கறுத்து ஓடிவந்தார். பையைப் போட்டுவிட்டு அப்படியே தார் வீதியில் முழங்காலிட்டு, என் தலையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"எங்கை ராசா பட்டது? எங்கை பட்டது?"

"பெரியம்மா, இது எண்ணெய்."

அவருக்குக் கேட்கவில்லை. என் நெஞ்சைத் தடவி, காயத்தைத் தேடினார். இந்த ஊரைவிட்டுப் போகும் முன் அவர் கடைசியாக வீதியில் என்ன பார்த்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"எண்ணெய் பெரியம்மா. கார் எண்ணெய். நான் மாத்தினனான்."

பெரியம்மா தன் விரல்களை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு, முப்பது வருடத்துக்கு மேல் என்னைக் காணாத பெரியம்மா, எனக்குக் கன்னத்தில் ஒன்று தந்தார். சின்ன அடிதான். சேட்டைவிடக் கன்னம் கொஞ்சம் குறைவாகச் சிவந்தது.

அதற்குள் அம்மா வந்துவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெற்றியும் காதும் அல்ல, முழு ஆளாக. "நீ கட்டையாப் போனாய், மணி" என்றார் பெரியம்மா. அம்மா அக்காவின் தோளில் முகத்தை வைத்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எல்லோரும் யன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் கீழே விழுந்த பையை எடுத்து, தூசி தட்டிக் கொண்டுவந்தார்.

"துறைமுக வாசலிலை கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டவா. நாங்கள்தான் ஏத்தினனாங்கள். ஏறுங்கோ அம்மா, ரெண்டு பேரையும் சுன்னாகத்திலை இறக்கிவிடுறன்."

"நான்?" என்றேன்.

அவர் என் சேட்டைப் பார்த்தார். பஸ்ஸின் இருக்கைகளைப் பார்த்தார். "நீங்கள் காரோடை வாங்கோவன்" என்றார்.

உழவு இயந்திரத்தோடும் கயிற்றோடும் தவம் அண்ணை வரும்போது மூன்றரை மணி. காருக்குக் கீழே ஒருமுறை எட்டிப் பார்த்தார். இஞ்சினின் எண்ணெய் அளவுகோலை இழுத்தார். அது காய்ந்த ஈர்க்குபோல் வந்தது. கியர்ப்பெட்டியின் கோலை இழுத்தார். அது குளித்துவிட்டு வந்தது.

"எவ்வளவு விட்டனி?"

"மூண்டரை லீற்றர். அளந்துதான் விட்டனான் அண்ணை."

"அளவு சரி, இடம்தான் பிழை. இஞ்சின் எண்ணெயை வடிச்சுப்போட்டு, நிறைஞ்ச பெட்டிக்குள்ளை விட்டிருக்கிறாய்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ பள்ளிக்கூடத்திலை என்ன பாடம் எடுக்கிறனி?" என்று கேட்டார். நான், "தமிழ்" என்றேன்.

இஞ்சின் இறுகிப்போயிருந்தது. அந்தக் கார் அதற்குப் பிறகு ஓடவில்லை.

பெரியம்மா எங்களோடுதான் இருக்கிறார். கலியாணம், செத்தவீட்டு அந்தியேட்டிச் சடங்கு, பூப்புனித நீராட்டு என்று எந்த வீட்டுக்குப் போனாலும், "கப்பல் பயணம் எப்பிடி, அக்கா?" என்று யாராவது கேட்பார்கள். பெரியம்மா முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொல்வார்:

"கடலாலை ஒரு பிசகும் இல்லாமல் வந்திட்டன். எங்கடை விஞ்ஞான வாத்தியாருக்குத்தான் தெல்லிப்பழையைத் தாண்டேலாமல் போச்சுது."

பந்தல் அதிரச் சிரிப்பார்கள். அம்மா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார். எத்தனை தரம் சொன்னாலும் அந்தக் கதையில் பெரியம்மா அலறியதும், என் நெஞ்சில் காயம் தேடியதும் வராது. ஓட்டோவை அனுப்பியதை அம்மாவும் சொல்வதில்லை. நான் வாழையிலையைப் பார்த்துக்கொண்டு, அவர்கள் சிரித்து முடியும்வரை சோற்றைக் குழைத்துக்கொண்டிருப்பேன்.