மொட்டைமாடிக் காடுகள்

சூரியனுக்கே மதிப்பெண் இட்ட மாமனிதர் ஒருவர் உண்டெனில், அவர் எங்கள் ஹேசான் மாநகராட்சியின் வெயில் மதிப்பீட்டுப் பிரிவுத் தலைவர் பாங் தே-சிக் அவர்களே. காலை ஒன்பது மணிக்கு அலுவலகத்தினுள் நுழைந்ததும் திரைச்சீலைகள் அனைத்தையும் இழுத்து மூடச் செய்வார். கணினித் திரையில் வெளிச்சம் பட்டால் வெயிலைத் துல்லியமாக ஆராய இயலாது என்பது அவரது கொள்கை. பின்னர்ப் பொட்டலக் காப்பியைக் காகிதக் குவளையில் கொட்டி, அந்தப் பொட்டலத்தாலேயே கலக்கி அருந்துவார். மாடிப்படி ஏறும் வழக்கம் அவருக்கு இல்லை.

எந்தெந்த வீட்டின் மொட்டைமாடியில் சூரிய மின்தகடு பதிக்கலாம் எனக் கண்டறிவதே எங்கள் பணி. சென்ற இலையுதிர் காலத்தில் விமானத்திலிருந்து எடுத்த படங்களைத் தலைவர் ஐந்து மாதம் ஆராய்ந்தார். நகரின் பத்தில் ஒன்பது வீடுகள் 'அடர்ந்த காடு' என்றும், பலவற்றில் செம்மலர்கள் பூத்துக் குலுங்குகின்றன என்றும் கண்டறிந்தார். காட்டை அழித்துத் தகடு பதிப்பது முறையாகுமோ? ஆகவே, 'வாய்ப்பு ஏறத்தாழ இல்லை' என எழுதிக் கையொப்பமிட்டார். நாட்டிலேயே பசுமை மிக்க நகரம் என்னும் விருது எங்களைத் தேடி வந்தது. மேயர் அதனுடன் நாற்பது முறை படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் பே புன்-நம் என்னும் அம்மையார் வந்தார். மொட்டைமாடியிலுள்ள ஒற்றை அறையில் தனியே வாழ்பவர். சென்ற கோடையில் அவ்வறையின் வெப்பம் தாளாது இருமுறை மயங்கி விழுந்தவர். ஏசி ஓட்டுவதற்குத் தகடு கோரிய அவரது விண்ணப்பத்தை நாங்கள் நிராகரித்திருந்தோம்.

"தலைவரே, என் வீட்டைக் காடுன்னு எழுதிட்டீங்களாமே. காட்டுத்தீ காலமாம், மே பாதி வரைக்கும் அடுப்பு பத்தவைக்கக் கூடாதுன்னு வனப்பிரிவுலேருந்து கடுதாசி வந்திருக்கு. நான் நூடுல்ஸை எங்க வேகவைக்கிறது?"

"மலையடிவாரத்துல வேகவைங்கம்மா. அதாவது, கீழ்வீட்டுல."

"அது காடு இல்லீங்க. மழைத்தண்ணி ஒழுகாம இருக்க அடிச்ச பச்சை பெயிண்ட். இந்த ஊர்ல எல்லார் மாடியும் அப்படித்தானே இருக்கு. உங்க வீட்டு மாடி என்ன நிறம்?"

"நான் ஏறினதில்லம்மா. படத்துல பூவெல்லாம் தெரியுதே?"

"மிளகாய்ங்க. கிம்ச்சி ஊறுகாய்க்குக் காயப்போட்டது. நாலே நாள்ல சருகாயிடுச்சு. வெயில் இல்லாமலா?"

அம்மையார் பெயர்ந்த பெயிண்ட் சில்லு ஒன்றையும் ஒரு பிடி மிளகாயையும் மேசைமீது வைத்தார். தலைவர் மிளகாயை முகர்ந்து மும்முறை தும்மினார். 'சான்று காரமானது' என்று நான் கோப்பில் பதிவு செய்தேன்.

"அஞ்சு மாடிதான். ஒரு தடவை ஏறிப் பாத்துடுங்க" என்றார் அம்மையார். "மறுபடி விழுந்தா என்னைத் தூக்க அங்க ஆள் இல்ல."

தலைவர் சில்லைத் தாளில் மடித்து, இரு கைகளாலும் மரியாதையுடன் அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீங்க சொல்றது நிஜம்னு தெரியுதும்மா" என்றார் தணிந்த குரலில். "ஏறிப் பாத்தா அதை எழுத வேண்டி வரும். அதனால நான் வரப்போறதில்ல."