கயிறண்ணையும் கலியாணக் கேசட்டும்

உலகத்தில் பிறந்த அத்தனை பேரையும் அடிகாரர், பிடிகாரர் என்று இரண்டே வகுப்பாகப் பிரித்துவிட்டு, மூன்றாவது வகுப்புக்கு ஆளில்லை என்று கதவைப் பூட்டியவர் கயிறண்ணை. மனித குலத்தை விளக்கப் பெரிய பெரிய படிப்பாளிகள் தலையணை பருமனில் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை நான் தலையணையாகவே பயன்படுத்தியுமிருக்கிறேன். கயிறண்ணைக்கு ஒரே ஒரு வீடியோ கேசட் போதுமாயிருந்தது.

பங்குச் சுவாமியார் பிடிகாரர். பிரசங்கத்தில் ஆளை மெல்லப் பிடித்து, முறுக்கி, காணிக்கைத் தட்டு வரும்வரை விடமாட்டார். எங்கள் வீட்டுக்கார பிலோமினா அக்கா அடிகாரி. வாடகை பிந்தினால் முன்னறிவிப்பு ஏதுமின்றி நேரே முகத்துக்குத்தான்.

"அப்ப நான் ஆர் அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

மேலும் கீழும் பார்த்தார். "நீர் ரிக்கற் வாங்கிச் சண்டை பாக்க வந்த ஆள், ஐசே."

பூட்டிய கதவு எனக்காக மட்டும் திறந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் பிலோமினா அக்கா கீழ்த்தளத்தில் குடும்பத்தோடு இருக்க, மேல்தளத்து அறைகளில் நாங்கள் மூவர். ஹவுன்ஸ்லோவிலிருந்து விமான நிலையத்துக்கு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்து, அங்கே வாடகை கட்டுப்படியாகாமல் இங்கே வந்துசேர்ந்த மன்னார் யூட். பெட்ரோல் நிலையக் கல்லாவில் உட்கார்ந்தபடி, உலகத்தையே உலுக்கப்போகும் நாவல் ஒன்றின் முதல் அத்தியாயத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்த நான். மூன்றாமவர், ஜெர்மனியில் பன்னிரண்டு வருடம் குப்பைகொட்டிவிட்டு லண்டனுக்கு மாறி வந்த கயிறண்ணை. வேலை, கார்பெட் விரிப்பது. நாள் முழுக்க முழங்காலில் நின்று, மூலைமூலையாகத் தரையைத் தட்டிக்கொண்டு திரிகிற வேலை. பிடிகாரர் கட்சியில் அவர் சேர்ந்ததற்கு அதுவும் காரணமாயிருக்கலாம்.

கேசட் வந்த வழி இது. ட்யூசல்டோர்ஃபில் ஒரு ஜப்பான்காரரின் சாப்பாட்டுக் கடையில் கயிறண்ணை கோப்பை கழுவினார். கடை பூட்டிய பிறகு முதலாளியும் அவரும் உட்கார்ந்து மல்யுத்தம் பார்ப்பார்களாம். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. அதனால் சண்டையே வந்ததில்லை. பிரியும்போது முதலாளி கொடுத்த பரிசு அந்தக் கேசட். ஒரு மாலை முழுக்க நடந்த போட்டிகள். கடைசியாக வருவதுதான் அண்ணையின் உயிர்: ஒரு பிடிகாரனும் ஒரு அடிகாரனும்.

தொலைக்காட்சியில் நாம் பார்த்த மல்யுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதில் யாரும் கதிரையால் அடிக்கமாட்டார்கள், யாரும் மேலிருந்து பாயமாட்டார்கள், முகமூடி கிடையாது. அடிகாரன் உள்ளங்கையாலும் காலாலும் அடிப்பான். பிடிகாரன் எப்படியாவது அவனை நிலத்துக்குக் கொண்டுவந்து கையையோ காலையோ பூட்டுவான். வலி தாங்காவிட்டால் வளையத்தின் கயிற்றைப் பிடிக்கலாம். பிடித்ததும் எதிராளி விட்டுவிடவேண்டும். ஆனால் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு புள்ளி போகும். அடிபட்டு விழுந்தாலும் ஒரு புள்ளி. புள்ளி தீர்ந்தால் ஆள் தோற்றான்; கையால் தட்டி ஒப்புக்கொண்டாலும் தோல்விதான்.

கயிற்று விதியை அண்ணை வாழ்க்கைக்கும் நீட்டினார். வேலைக்குப் போகாமல் தலையிடி என்று போன் அடித்தால், "ஒரு கயிறு போச்சுது உமக்கு." சமைக்கப் பஞ்சிப்பட்டு வெளியே சாப்பாடு வாங்கினால் அரைக் கயிறு. அவர் பெயரின் பூர்வீகம் இதுதான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை பிலோமினா அக்காவே மறந்துபோனார்.

"உது உண்மைச் சண்டையோ, முதலே பேசி வைச்சதோ?" என்று யூட் ஒருமுறை கேட்டான். நானும் கேட்க நினைத்திருந்தேன். நல்லவேளை அவன் முந்திக்கொண்டான்.

"கூத்திலை அரசன் செத்தால், நீ மேடையிலை ஏறி நாடி பிடிச்சுப் பாப்பியோடா?" என்றார் கயிறண்ணை.

கூத்து ஊரில் பிறந்த யூட் அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை எவரிடமும் கேட்கவில்லை.

விதி என்றால் அவருக்கு விதிதான். ஒரு பகல், அப்டன் பார்க்கில் கார்பெட் வேலை முடித்து வருகிறவரின் வேலைச் சாமான் பையை ஒருவன் பறித்துக்கொண்டு ஓடினான். அண்ணை துரத்திப் போய் இடுப்பைக் கட்டி விழுத்தி, கையை மடக்கி, மீன்கடை வாசலில் வைத்து அசையவிடாமல் பூட்டிவிட்டார். சனம் கூடிக் கைதட்டியது. பொலிசுக்கு அழைக்க மீன்கடைக்காரர் உள்ளே ஓடினார். அந்த நேரம் பார்த்துக் கள்ளன் கையை நீட்டிக் கடையின் இரும்புக் கம்பியைப் பிடித்தான். கயிறண்ணை உடனே கையை எடுத்துவிட்டு, இரண்டு அடி பின்வாங்கி நின்றார். கள்ளன் எழுந்தான்; தன்னைச் சுற்றி என்ன நடக்கிறதென்று தெரியாமல் ஒருகணம் முழித்தான்; பிறகு பையை அங்கேயே போட்டுவிட்டுப் பறந்தான்.

"ஏன் அண்ணை விட்டனீங்கள்?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"கம்பியைப் பிடிச்சிட்டானெல்லே. பேந்தும் பிடிச்சுக்கொண்டிருந்தால் நான் என்ன மனுசன்?"

இப்படிப்பட்டவருக்கு ஒரேயொரு குறை இருந்தது. எங்கள் சனத்தில் ஒருவர்கூட அந்தச் சண்டையைக் கடைசிவரை பார்த்ததில்லை. யூட் முதல் ஐந்து நிமிடத்தில், "எப்ப அண்ணை பாய்வாங்கள்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான். கார்பெட் கடைத் தொழிலாளிகள் இரண்டு பேரைச் சோறும் ஆட்டிறைச்சியும் சமைத்து அழைத்தார். சோறு முடிந்த இடத்தில் சண்டையும் அவர்களுக்கு முடிந்துவிட்டது. நான் இலக்கியவாதி, பொறுமைசாலி. நாலு முறை உட்கார்ந்து, நாலு முறையும் கண் திறந்தபடியே நித்திரை கொண்டேன்.

"ரெண்டு ஆம்பிளையள் நிலத்திலை படுத்துக்கிடக்கிறதை எத்தினை நேரம் பாக்கிறது தம்பி?" என்றார் பிலோமினா அக்கா. "அது இங்கை மேல்மாடியிலை தினமும் நடக்குதுதானே."

"ஒருத்தர் பாத்தால் போதும் ஐசே," என்பார் அண்ணை, கேசட்டை உறையில் போட்டபடி. "எங்கடை ஆக்களிலை ஒரே ஒருத்தர். கடைசிமட்டும். அதுக்குப் பிறகு நான் ஆரையும் கரைச்சல்படுத்தமாட்டன்."

அந்த நிலையில்தான் பிலோமினா அக்காவின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாரிஸ். கலியாணம் கோவிலிலும் மண்டபத்திலும் வடிவாகத்தான் முடிந்தது. ஆனால் மாப்பிள்ளையின் தாய் திரேசம்மாவுக்கு ஒரு மனத்தாங்கல்: வீடியோக்காரன் பெண் வீட்டாரையே சுற்றிச் சுற்றி எடுத்தான், எங்கள் பக்கம் கமராவே திரும்பவில்லை என்று. கலியாண வீடியோவில் யார் எத்தனை தரம் வந்தார் என்பதுதான் எங்கள் சனத்தின் வாக்குக் கணக்கு. அதைச் சரிக்கட்டத்தான் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு சம்மந்தி வீட்டார் முப்பது பேரைப் பகல் சாப்பாட்டுக்கும் வீடியோ பார்க்கவும் அழைத்தார்.

அன்று காலை கயிறண்ணை மேல்மாடியில் அலுமாரி, கட்டில், என் நாவல் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டுக் கேசட்டைத் தேடிக்கொண்டிருந்தார். யூட் கதவோரம் நின்று விரல் நகத்தைக் கடித்தான்.

"அண்ணை... கறுப்பு உறை போட்டதோ? ஜப்பான் எழுத்து எழுதினதோ?"

"ஓம்!"

"அக்கா கலியாண வீடியோவைக் கொப்பி அடிச்சுத் தரச் சொன்னவ. வெறும் கசற் தேடினனான். உதிலை ஜப்பான் எழுத்து இருந்துது. செய்த கொம்பனியின்ரை பேராக்கும், புதுசாக்கும் எண்டு நினைச்சன்."

"டேய், அதிலை ரெக்கோட் பண்ண ஏலாதடா! மூலையிலை இருக்கிற துண்டை நான் உடைச்சு வைச்சனான்!"

"ஓம் அண்ணை," என்றான் யூட் தாழ்ந்த குரலில். "அதிலை செலோடேப் ஒட்டினனான்."

உடைத்த மூலையில் செலோடேப் ஒட்டினால் எந்தக் கேசட்டிலும் மறுபடி பதியலாம். இந்தப் பெரும் வித்தை தெரியாத தமிழ் வீடு அன்று ஐரோப்பாவில் இல்லை.

"இப்ப அது எங்கை?"

யூட் தரையைக் காட்டினான். கீழே பாண்ட் வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. படம் தொடங்கிவிட்டது.

கயிறண்ணை படியிறங்கிய வேகத்தில் நானும் யூட்டும் பின்னால் ஓடினோம். கூடம் நிரம்பி வழிந்தது. நடுச் சோபாவில் திரேசம்மா, ரிமோட்டைச் செங்கோல் மாதிரி மடியில் வைத்திருந்தார். சம்மந்திமார் முன்னால் போய் கேசட்டை வெளியே எடு என்று யார் சொல்வது? கலியாணம் ஓடுகிற நீளத்துக்குச் சண்டை அழிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்தபடி அண்ணை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கலியாண வீடியோவை அப்படிப் பார்த்த மனிதரை நான் அதற்கு முன்போ பின்போ கண்டதில்லை. மணமகள் ஒரு ரோசாப்பூவுக்குள்ளிருந்து வெளிவந்தாள். அண்ணை மெல்ல முனகினார். மோதிரம் மாற்றினார்கள். "முதல் ரெண்டு சண்டை போச்சுது," என்றார் என் காதில். கேக் வெட்டினார்கள். வெட்டிய துண்டை ஊட்டினார்கள். ஊட்டியதைக் கமராவுக்காக இன்னொருமுறை ஊட்டினார்கள். "ஐயோ, எங்கடையது தொடங்கியிருக்கும்." பிறகு பெண்ணின் பெரியப்பா வாழ்த்துரைக்கு எழுந்தார். காகிதமின்றிப் பேசினார். அவர் ஒவ்வொருமுறை "இறுதியாக" என்று சொல்லும்போதும் அண்ணை நிமிர்ந்தார்; ஒவ்வொருமுறையும் அவர் தொடரும்போது சரிந்தார்.

"அடிகாரன்ரை முதல் உதை போச்சுது... முதல் கயிறு போச்சுது... நிப்பாட்டு மனுசா, நிப்பாட்டு..."

முன்னால் இருந்த திரேசம்மா திரும்பினார். "ஓம் தம்பி. எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. எங்கடை ஆக்களை எடுக்காமல் உவரையே எடுத்திருக்கிறான்." பிலோமினா அக்காவின் முகம் இருண்டது.

பெரியப்பா ஒருவழியாக உட்கார்ந்தார். திரையில் நன்றி என்று எழுத்து வந்து சுழன்றது. பிறகு புள்ளிபுள்ளியாக இரைச்சல். அண்ணை கண்ணை மூடிக்கொண்டார்.

இரைச்சல் விலகியது. கறுப்புக் கால்சட்டை போட்ட ஒரு மனிதன் வளையத்தின் நடுவே முகம்குப்புற விழுந்துகிடந்தான். மத்தியஸ்தர் பத்தை நோக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"உது ஆர்?" என்றார் திரேசம்மா. "பொம்பிளையின்ரை சொந்தமோ?"

பிலோமினா அக்கா பதறிப்போனார். "ஐயோ சம்மந்தி, உது மேல்மாடிப் பெடியளின்ரை... ரிமோட்டைத் தாங்கோ, நிப்பாட்டுறன்."

"பொறுங்கோ சம்மந்தி. உவன் எழும்புறானோ பாப்பம்."

அவன் எழும்பினான். ஒன்பது எண்ணும்போது. கூடத்தில் யாரோ "ஆ!" என்றார்கள். கயிறண்ணை கண்ணைத் திறந்தார்.

"அம்மா, உவன் பிடிகாரன்," என்றார். குரல் அவருடையதே இல்லை. "இன்னொருக்கா விழுந்தால் முடிஞ்சுது. மற்றவன் அடிகாரன். அவனுக்கும் ஒரு புள்ளிதான் மிச்சம். கயிற்றைப் பிடிச்சானெண்டால் தோத்தான்."

"அப்ப ரெண்டு பேருக்கும் இழுபறிதான்," என்றார் திரேசம்மா, முன்னால் நகர்ந்து உட்கார்ந்தபடி.

அதற்குப் பிறகு அந்தக் கூடம் கூடமாயிருக்கவில்லை. அடிகாரன் கையால் அறைந்தான், பிலோமினா அக்கா, "போடு! போடு!" என்று எழுந்து நின்றார். பிடிகாரன் தள்ளாடிப் பின்வாங்கினான், திரேசம்மா, "கிட்டப் போடா, தூர நிண்டால் அடிப்பானெல்லே!" என்று கத்தினார். பகல் சாப்பாடு அடுப்பில் ஆறியது. கூடத்தில் இருந்த பெரியப்பாகூடப் பேசவில்லை.

அடிகாரன் தலையைக் குறிவைத்துக் காலைச் சுழற்றினான். பிடிகாரன் அந்தக் காலை இரண்டு கையாலும் வாரிப் பிடித்து, தானும் விழுந்து, முழங்காலைத் தன் மார்போடு சேர்த்து முறுக்கினான். அடிகாரன் அவனையும் இழுத்துக்கொண்டு கயிற்றை நோக்கி ஊர்ந்தான்.

"கயிற்றைப் பிடி!" என்று அலறியது அரைக் கூடம்.

"பிடியாதை, பிடிச்சால் தோல்வி!" என்று அலறியது மற்றப் பாதி.

அவன் கை கயிற்றுக்கு மேலே வந்து நின்றது. விரல்கள் விரிந்திருந்தன. தொட்டால் வலி போய்விடும், சண்டையும் போய்விடும். அந்தக் கை கயிற்றைத் தொடாமலே திரும்பியது. தன் காலைப் பிடித்திருந்தவனின் தோளில் மெல்ல இரண்டு தரம் தட்டியது. தோற்கிறதென்றால் ஒரு மனிதனிடம் தோற்கிறேன் என்றது போல.

பிறகு முப்பது பேரும் கைதட்டினார்கள். சம்மந்திமார் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். எப்போது பிடித்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. கமரா யார் பக்கம் திரும்பியது என்ற பேச்சு அன்றோடு செத்தது.

நான் கயிறண்ணையைப் பார்த்தேன். திரையை அவர் பார்க்கவேயில்லை. கைதட்டுகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார் திரேசம்மா, "முன்னுக்கு என்ன நடந்தது? முதலிலை இருந்து போடும்."

"முதல் அழிஞ்சு போச்சுது அம்மா."

"அழிஞ்சால் என்ன, உமக்குத் தெரியுந்தானே. செய்து காட்டும்!"

மேசையை ஓரத்துக்குத் தள்ளினார்கள். அவரே விரித்துக்கொடுத்த கார்பெட்டின் நடுவே, காலுறையோடு கயிறண்ணை இறங்கினார். அடிகாரனாக நடிக்க ஆள் தேடியபோது எல்லா விரலும் என்னையே காட்டின. நான் உதைத்த உதைக்கு, "சோறு தின்னுறேல்லையோ தம்பி, வடிவா உதையும்!" என்றார் திரேசம்மா. அடுத்த கணம் நான் நிலத்தில் கிடந்தேன். என் வலது கால் கயிறண்ணையின் கக்கத்துக்குள் எங்கோ போயிருந்தது. சுற்றி நின்ற சனம் ஆர்ப்பரித்தது. அண்ணாந்த பார்வையில் தலைகீழாகத் தெரிந்தது அவர் முகம். பன்னிரண்டு வருடம் கோப்பை கழுவிய களைப்பெல்லாம் துடைத்தெடுத்ததுபோல மின்னியது.

சண்டையின்படி அந்த இடத்தில் நான் கயிற்றைப் பிடித்து விடுபடவேண்டும். எனக்குக் கயிறாக ஒதுக்கியிருந்தது சோபாவின் கால். கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். முழங்கால் உயிர் போகிற வலி வலித்தது. என்றாலும், மனுசன் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருக்கட்டும் என்று பேசாமல் கிடந்தேன்.