ஒஸ்வால்டின் மீசையும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

தேத்தண்ணீரை ஒரு மிடறு குடித்துவிட்டு முற்றத்துக்குத் திரும்புவதற்குள் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் டாங்கி முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் விழுந்துவிட்டன.

"கெட்டுது போ!" என்று தலையில் கை வைத்தார் ஒஸ்வால்ட்.

"என்னப்பா கெட்டது?" குசினிக்குள்ளிருந்து மனைவி ஐறீன் கேட்டாள்.

"புள்ளி! வந்து பாரும், அம்மை போட்ட பிள்ளை மாதிரி நிக்குது. கழுவி முடிச்சு, துடைக்கப் போற நேரமாப் பாத்து ஏன் என்னைக் கூப்பிட்டனீர்?"

"தேத்தண்ணி ஆறிப்போகும் எண்டுதான் கூப்பிட்டனான். ஆறினதைக் குடிச்சா உங்களுக்குத் தலையிடி வருமெல்லோ?"

அதுவும் உண்மைதான்.

கொட்டாஞ்சேனையில் அந்தக் குறுகிய ஒழுங்கைத் தெருவுக்குள் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். இறக்குமதித் தடை நீங்கிய கையோடு கப்பலில் வந்து இறங்கிய சிவப்பு ஹொண்டா. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்ததால், அது பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்ததையே கண்ணால் பார்த்தவர். அவர் அதை ஓட்டிய நேரத்தைவிடக் கழுவிய நேரம்தான் கூட என்று அக்கம்பக்கத்தில் கதை. அதில் பொய்யும் இல்லை.

"கழுவுறது ஆரும் கழுவலாம். காய வைக்கிறதிலதான் விசயமே இருக்கு," என்பது அவருடைய வேதம். வெயிலில் கழுவக்கூடாது. மேலிருந்து கீழே கழுவ வேண்டும். முக்கியமாக, ஒரு துளியைக்கூடத் தானாகக் காய விடக்கூடாது; காய்ந்தால் தண்ணீர் போய்விடும், தண்ணீரில் இருந்த உப்பும் சுண்ணாம்பும் புள்ளியாக அங்கேயே குடியிருந்துவிடும். மெல்லிய தோல் துணியைப் பிழிந்து, தேய்க்காமல், குழந்தைக்குக் கண்ணீர் துடைப்பதுபோல ஒற்றி எடுக்க வேண்டும். இந்தப் பிரசங்கத்தைக் கேட்காத ஆள் ஒழுங்கையில் இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் இதை ஐறீனின் அண்ணன் கொன்ஸ்ரன்ரைனிடமும் எடுத்துவிட்டார். வந்தது வினை.

"மச்சான், சும்மா வாயால வடை சுடாதை," என்றார் கொன்ஸ்ரன்ரைன். "ஞாயிற்றுக்கிழமை கோயில்ல வாகனம் மந்திரிக்கினம். பாதர் மந்திரிச்சு முடிய நான் வந்து பாப்பன். ஒரு புள்ளி இல்லாமல் வச்சிருப்பியோ?"

"ஒண்டென்ன, அரைப் புள்ளி இருந்தாலும் நீ சொல்லுறதைச் செய்யிறன்."

"மீசையை எடுப்பியோ?"

ஒஸ்வால்டின் கை தானாக மீசைக்குப் போனது. அது சாதாரண மீசை இல்லை. கலியாணத்துக்குப் பிறகு, பதவி உயர்வோடு சேர்ந்து வளர்ந்த மீசை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற நாட்டாமிமாருக்கு ஒஸ்வால்டிடம் பயமில்லை; மீசையிடம்தான் பயம். அது இல்லாவிட்டால் அவருக்கு முகம் சின்னப் பிள்ளை முகம். மேலதிகாரி முதல் வாசல் காவலாளி வரை, அந்த முகத்தோடு போனால் "யார் தம்பி வேணும்?" என்றுதான் கேட்பார்கள்.

ஆனால் தன் கைத்திறமையில் அவருக்கு இருந்த நம்பிக்கை மீசையைவிட அடர்த்தியானது.

"எடுக்கிறன்! புள்ளி இல்லாட்டி?"

"ஒரு வருசம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை நானே வந்து உன்ர பைக்கைக் கழுவித் தாறன்."

"ஐறீன், நீர்தான் சாட்சி!"

"எனக்கேன் இந்தத் தொல்லை?" என்று சொல்லிக்கொண்டே ஐறீன் சாட்சியானாள்.

இப்போது சனிக்கிழமை காலை. டாங்கியில் அம்மை.

"குழாய்த் தண்ணிதான் பிழை," என்று தீர்ப்புச் சொன்னார் ஒஸ்வால்ட். "இதுக்கு மழைத் தண்ணி வேணும். மழைத் தண்ணியில உப்புமில்லை, சுண்ணாம்புமில்லை."

"பின்னுக்குக் கூரைப் பீலிக்குக் கீழ வாளி நிறைய இருக்கே," என்றாள் ஐறீன்.

"அடி சக்கை! இதை முதலே சொல்லியிருக்கலாமே!"

வாளியைத் தூக்கி வந்தார். சுவர் நிழலுக்குள் வண்டியைத் தள்ளி, கூரை மறைத்த இருட்டில், மேலிருந்து கீழாக ஊற்றினார். ஒற்றினார். மறுபடியும் ஊற்றி ஒற்றினார். பெருமூச்சு விட்டு, வண்டியை வெளிச்சத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

வெள்ளிபோல இருந்த முன்விளக்குக் கிண்ணத்திலும், கைபிடிக் கம்பியிலும், சக்கரக் கம்பி ஒவ்வொன்றிலும் நீலம் பூத்திருந்தது.

"ஐறீன்!"

"ஐயோ, அந்த வாளியோ? நாளைக்குப் பூசைக்குப் போடுற உங்கட வெள்ளைச் சேட்டுக்கு நேற்று அதிலதான் நீலம் கரைச்சனான். மிச்சம் இருந்திருக்கும். சொல்ல மறந்துபோனன்."

"மறந்துபோனீரோ!"

"உங்கட சேட்டுத்தானே?"

மனிதர் நொந்துபோனார், ஆனால் ஓயவில்லை. ஒஸ்வால்டை ஓய வைப்பது அவ்வளவு லேசான காரியமா?

"வினாகிரி தாரும். புளிப்புக்கு எந்தக் கறையும் பறக்கும்."

ஐறீன் நீட்டிய போத்தலை வாங்கித் துணியில் சரித்துத் தேய்த்தார். நீலம் பறந்தது. வெள்ளைப் புள்ளியும் பறந்தது. "பாத்தீரோ என்ர மூளையை!" என்று அவர் நிமிர்ந்தபோதுதான் கண்ணும் மூக்கும் ஒன்றாக எரிந்தன. துணியில் கடுகு. சைலன்சரில் மிளகாய் விதை. ஐறீன் நீட்டியது ஊறுகாய் வடித்த வினாகிரி; ஒழுங்கை முழுக்க அச்சாறு வாசம்.

பக்கத்து வீட்டு புளோறன்ஸ் அக்கா மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள். "ஐறீன், அச்சாறு போட்டனீரோ? எனக்கும் ஒரு கிண்ணம் எடுத்துவையும்."

"அச்சாறு இல்லையக்கா, மோட்டச் சைக்கிள்," என்றாள் ஐறீன்.

ஒஸ்வால்ட் சாரத்தை மடித்துக் கட்டினார். சவர்க்காரம் போட்டு முதலிலிருந்து தொடங்கினார். கடுகை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மாலைச் சூரியன் மதிலுக்கு அப்பால் இறங்கிய பிறகு, தேத்தண்ணீர் வேண்டாம், பலகாரம் வேண்டாம், ஒருவரும் கூப்பிட வேண்டாம் என்று கட்டளை போட்டுவிட்டு, தோல் துணியால் ஒற்றத் தொடங்கினார். இண்டு இடுக்கெல்லாம் பஞ்சுத் திரி விட்டுத் துவட்டினார். சக்கரத்துக்கு நடுவில் வாயால் ஊதினார்.

கடைசியில் டாங்கியில் தன் முகம் மீசையோடு தெரிந்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

வண்டியை அன்றிரவு வெளியே விடவில்லை. ஹோலுக்குள் தள்ளி, படுக்கை விரிப்பால் போர்த்தினார். அப்போதுதான் சுவரில் வெறும் ஆணி நிற்பதைக் கண்டார்.

"எங்கட கலியாணப் படம் எங்க?"

"கண்ணாடி வெடிச்சுப்போச்சு. புதன்கிழமை கடையில குடுத்தனான்," என்று ஐறீன் சேட்டை மடித்தாள்.

"நல்லது, நல்லது." அவருக்கு அப்போது வேறெந்தக் கண்ணாடியைப் பற்றியும் கவலை இல்லை.

ஞாயிறு காலை ஒழுங்கையே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. ஒஸ்வால்ட் வண்டியை ஓட்டவில்லை; ஓட்டினால் தூசி. தள்ளினார். ஐறீன் கூறைச்சேலை கட்டிக்கொண்டு, வண்டிக்கு மேலே குடை பிடித்தபடி நடந்தாள்.

"மழை இல்லையே மிஸிஸ் ஒஸ்வால்ட்?" என்று ஒருவர் கேட்டார்.

"காகம் இருக்கே," என்றாள் ஐறீன்.

அவ்வளவு அக்கறை! ஒஸ்வால்டுக்கு மனைவியை நினைக்கப் பெருமையாக இருந்தது. இப்படி ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்தவன்தான் அந்தக் கொன்ஸ்ரன்ரைன், அதற்காகவாவது அவனைப் பந்தயத்தில் லேசாக விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு, வேண்டாம், கழுவட்டும் என்று முடிவு செய்தார்.

பூசை முடிந்தது. கோயில் வளவுக்குள் லொறி, வான், சைக்கிள் என்று வரிசை. நடுவில் ஹொண்டா செந்தணலாக நின்றது. கிராண்ட்பாஸிலிருந்து வந்திருந்த ஒரு லொறி றைவர் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "ஹரி ஷோக், மஹத்தயா!" என்று சிங்களத்தில் மெச்சினான். கொன்ஸ்ரன்ரைன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, குந்தியிருந்து, படுக்காத குறையாகப் பார்த்தார்.

"என்ன மச்சான், கிடைச்சுதோ?" ஒஸ்வால்ட் மீசையை முறுக்கினார்.

"இன்னும் இல்லை," என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

அந்த 'இன்னும்' ஒஸ்வால்டின் காதில் ஏறவில்லை.

பாதர் வந்தார். பின்னால் ஒருவர் தீர்த்த வாளியைச் சுமந்து வந்தார். லொறிக்கு ஒரு தெளி, வானுக்கு ஒரு தெளி. அந்தத் துளிகள் வெயிலில் மின்னிக்கொண்டு பறப்பதைப் பார்த்தபோதுதான் ஒஸ்வால்டுக்கு விசயம் உறைத்தது. சின்ன வயதிலிருந்து வருடா வருடம் பார்த்த சடங்கு. வாகனம் மந்திரிப்பதென்றால் தண்ணீர் தெளிப்பது என்று கோயில் வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும்!

"பாதர், ஒரு நிமிசம்..."

"பொறு மகன், ஆளுக்காள் முறைதான்," என்ற பாதர், புது வண்டி என்ற சந்தோசத்தில் வஞ்சகமில்லாமல் மூன்று தரம் தெளித்தார். டாங்கி, விளக்கு, இருக்கை, ஒஸ்வால்டின் மூக்கு எல்லாம் நனைந்தன.

தோல் துணி சட்டைப் பையிலிருந்து மின்னலாக வந்தது. அதைவிட வேகமாக ஐறீனின் கை வந்து அவர் கையைப் பிடித்தது.

"தீர்த்தத்தைத் துடைக்கிறதோ! உங்களுக்கென்ன விசரோ? பாவமப்பா!"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒஸ்வால்ட் துணியை மெல்லப் பைக்குள் வைத்தார். பத்து மணி வெயில் தன் வேலையைச் செய்தது. சிவப்பு டாங்கியில் ஒன்று, இரண்டு, பத்து என்று வெள்ளைப் புள்ளிகள் முளைப்பதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது கணக்கில வராது! இது தண்ணி இல்லை, தீர்த்தம்!" என்று கடைசியாகக் கத்தினார்.

"பாதரையே கேப்பம்," என்றார் கொன்ஸ்ரன்ரைன்.

பாதர் குனிந்து பார்த்தார். "என்ன மகன் செய்யிறது? மந்திரிச்சது நானெண்டாலும், பிடிச்சது கோயில் குழாயில."

வழக்கு முடிந்தது.

கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் புவாத் நானாவின் சலூன். மற்ற நாளென்றால் வாசலில் காத்திருக்க வேண்டும். அன்று கதிரை காலியாக இருந்தது. ஐறீன் வெளியே புள்ளி விழுந்த ஹொண்டாவின் பக்கத்தில், குடையை இப்போது தனக்குப் பிடித்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக நின்றாள்.

"எடுங்கோ நானா," என்றார் ஒஸ்வால்ட், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. "முழுக்க எடுங்கோ. வெள்ளிக்கிழமை பின்னேரம் சும்மா இருக்கேலாமல் வாயைக் குடுத்தன். மச்சான்காரன் திடீரெண்டு பந்தயம் எண்டான், நானும் ஓமெண்டன். ஆர் கண்டது இப்பிடி வருமெண்டு?"

கத்தி வேலையை முடித்தது. மேலுதட்டில் காற்றுப் பட்டது. ஒஸ்வால்ட் பயந்து பயந்து கண்ணைத் திறந்தார். கண்ணாடிக்குள் ஒரு சின்னப் பிள்ளை முகம். அதன் பக்கத்தில், கண்ணாடி மூலையில் செருகியிருந்த ஒரு படத்துக்குள்ளும் அதே முகம், மாலையும் கழுத்துமாக.

"இது... எங்கட கலியாணப் படமெல்லோ?"

புவாத் நானா படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, திருப்தியோடு துண்டை உதறினார்.

"ஓம் மிஸ்டர், புதன்கிழமையே மிஸிஸ் கொண்டுவந்து தந்திட்டு, 'ஞாயித்துக்கிழமை பூசை முடிய மீசை எடுக்க வருவார், கதிரையைக் காலியா வையுங்க, முகம் இப்பிடி வரவேணும்' எண்டு சொல்லிட்டுப் போனாங்களே!"